ரேஸ் புத்தகமும் விலைப்பலகையும்



பிப்ரவரி மாதத்து முதல் ஞாயிறன்று மும்பை மகாலட்சுமி மைதானத்தில் இந்தியன் டெர்பி ஓடுவது நெடுநாள் வழக்கம். 1943-இல் தொடங்கிய அப்பந்தயத்தின் தூரம் 2400 மீட்டர். அன்று அங்கே கூடும் கூட்டத்தில், பென்சிலும் கையுமாக ரேஸ் புத்தகத்தில் ஆழ்ந்திருக்கும் நம்மவர் சிலரையும் காணலாம். படித்தறிந்து பணம் கட்டுகிறவர் தம்மைச் சூதாடி என்று எண்ணுவதில்லை. சட்டமும் ஒருவகையில் அவர் பக்கமே நிற்கிறது. சென்னைப் பந்தயச் சங்கத்தின் வழக்கில் 1996-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், குதிரைப் பந்தயம் பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்றே தீர்ப்பளித்தது. அத்திறமை எத்தகையது, ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தை அது காக்குமா என்பதையே இன்று ஆராயப் புகுகிறோம்.

புத்தகத்தில் படிக்க வேண்டியவை பல. குதிரை முன்பு ஓடிய தூரம், அப்போது சுமந்த எடை, ஏறிய ஜாக்கி ஆகிய யாவும் அதில் உண்டு. புனேயில் பந்தயங்கள் மழைக்காலத்தில் நடப்பதால், அங்கே தரையின் ஈரமும் கணக்கில் சேரும். ஆனால் எடை ஒன்றைப் பற்றிச் சற்று நின்று சிந்திப்போம். வென்ற குதிரைக்கு அடுத்த முறை எடை கூட்டுகிறார்கள். தோற்று வருவதற்குக் குறைக்கிறார்கள். எல்லாக் குதிரைகளும் ஒன்றாகவே எல்லைக்கோட்டை அடைய வேண்டும் என்பதே எடை வகுப்பவரின் இலட்சியம்! ஆகவே, 'சென்ற வாரம் வென்றது, இவ்வாரமும் வெல்லும்' என்று கணிப்பவர், அக்கணிப்பை முறியடிப்பதற்கென்றே அமர்த்தப்பட்ட ஒருவரோடு மோதுகிறார்.

இதனினும் பெரியது விலை. நாம் படிக்கும் புத்தகத்தையே பக்கத்தில் நிற்பவரும் படிக்கிறார். பலர் அறிந்த செய்தி பலகையில் விலையாக முன்னமே ஏறிவிடுகிறது. நான்கு குதிரைகள் ஓடுவதாகவும், ஒரு ரூபாய்க்கு இலாபம் முறையே ஒன்று, இரண்டு, நான்கு, ஐந்து ரூபாய் எனப் புக்கி விலை சொல்வதாகவும் கொள்வோம். எது வென்றாலும் 120 ரூபாய் கைக்கு வர வேண்டுமாயின், அவற்றின்மேல் முறையே 60, 40, 24, 20 ரூபாய் கட்ட வேண்டும். கூட்டிப் பாருங்கள்: 144 ரூபாய். 120 ரூபாயை 144 கொடுத்து வாங்குகிறோம்! இவ்விடைவெளிதான் புக்கியின் பிழைப்பு. டோட் முறையிலோ, திரண்ட தொகையில் ஒரு பங்கை எடுத்துக்கொண்ட பிறகே மிச்சத்தை வென்றவர்களுக்குப் பகிர்கிறார்கள்.

இவற்றுக்கு மேல் வரி வேறு. 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு மற்றும் சேவை வரி 40 சதவீதமாக உயர்த்தப்பட்டது. அது இலாபத்தின் மீதன்று, கட்டும் பணத்தின் முழு மதிப்பின் மீது. (கைப்பேசி வழியே பணம் வைத்து ஆடும் ஆட்டங்களை அதே ஆண்டில் நாடாளுமன்றச் சட்டம் தடை செய்தது, நாம் பேசுவது மைதானத்துப் பந்தயத்தைப் பற்றி மட்டுமே.)

எனவே, 'எது வெல்லும்?' என்று கேட்பது பாதி ஆராய்ச்சியே. 'இந்த விலைக்கு இது தகுமா?' என்பதே மறுபாதி. பலகையைப் பாராமல், ஒவ்வொரு குதிரைக்கும் நமக்குத் தோன்றும் விலையை முதலில் எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர்ப் பலகையோடு ஒப்பிட வேண்டும். பலகை நம்மைவிடத் தாராளமாக இல்லையாயின், அப்பந்தயத்தை வேடிக்கை பார்ப்பதே தகும். லாயத்திலிருந்து வந்த இரகசியம் என்று தேநீர்க்கடையில் ஒருவர் காதோடு ஓதுவதை, அவர் இன்னும் எத்தனை காதுகளில் ஓதியிருப்பார் என்று எண்ணிய பிறகு மதிப்பிடலாம்.

இக்கலையில் தமக்குத் தேர்ச்சி உண்டென்று நம்புவோர், ஒரு பருவம் முழுவதும் காசு கட்டாமல், நோட்டில் மட்டும் பந்தயம் எழுதிப் பார்க்கட்டும். குதிரை, நாம் இட்ட விலை, பலகை விலை, முடிவு, வரி என ஐந்து கலங்கள் போதும். நாம் கண்ட நோட்டுகள் பலவற்றில் முதல் நான்கும் நிரம்பியிருந்தன. ஐந்தாவது வெறுமையாகவே கிடந்தது.