எறும்பு ஊர்ந்த கால்
(முன்னாள் மாணவர் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் போன் பண்ணி, "ஆட்டோமேஷன் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்றார். சரி அண்ணே என்று சொல்லிவிட்டேன். ஆனால் இன்று பேசப் போவது என் அப்பாவின் காலைப் பற்றி. செயலாளர் அண்ணன் பொறுத்தருள வேண்டும்.

அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலை ஏறி வெள்ளிமலை போகிற வண்டியில் பல வருஷம் டூட்டி பார்த்தவர். மலை வளைவில் கம்பியைப் பிடிக்காமல் நின்றுகொண்டு சில்லறை எண்ணிக் கொடுப்பார். சின்ன வயதில் அதைப் பார்த்து வாயைப் பிளந்திருக்கிறேன். அந்தக் கால் நின்ற நிற்பில்தான் நான் இந்தக் கல்லூரியில் ஃபீஸ் கட்டிப் படித்தேன். 2018-இல் ஓய்வு பெற்றார். அதற்குப் பத்து வருஷம் முன்பே சர்க்கரை வந்துவிட்டது.

2021 கடைசியில், "கால்ல எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுடா" என்றார். ராத்திரியில் பாதம் எரிகிறது, போர்வை பட்டாலே தாங்கவில்லை என்றார். நான் ஓசூரில் இருந்தேன். எல்லா மகன்களையும் போல, "நடங்கப்பா, சரியாயிடும்" என்றேன். பக்கத்து ஊரில் ஒருவரிடம் எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள். பிறகு வேறொரு ஊரில் ஒரு பெரிய தனியார் மருத்துவமனை. ஸ்கேன் எடுத்தார்கள். இடுப்பில் டிஸ்க் பிதுங்கியிருக்கிறது, ஆபரேஷன் செய்யலாம் என்று தேதியே குறித்துக் கொடுத்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களில் பலருக்கு, எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்குக்கூட, ஸ்கேனில் டிஸ்க் பிதுக்கம் தெரியும் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது. சாக்ஸைக் கழற்றச் சொல்லி அப்பாவின் பாதத்தை அங்கே யாரும் பார்க்கவில்லை. அதை நானும் கேட்கவில்லை. பணத்துக்கு ஏற்பாடு செய்ய ஆரம்பித்துவிட்டேன்.

இதற்கு நடுவில் ஒருநாள் அம்மா போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னார்கள்: "உங்கப்பா கடைக்குப் போயிட்டு ஒத்தைச் செருப்போட வந்து நிக்கறாருடா. இன்னொண்ணு எங்கன்னு கேட்டா, கழண்டதே தெரியலங்கறாரு." நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பது, பாதம் மரத்துவிட்டதற்கு டாக்டர்கள் கேட்டறிகிற முக்கியமான அடையாளங்களில் ஒன்று. எரிச்சல் குறைந்துவிட்டது, மதமதப்புதான் இருக்கிறது என்று அப்பா வேறு சொல்ல, குணமாகிறது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அம்மா உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைக்கச் சொன்னார்கள். பாசத்தில் செய்ததுதான். சூடு அப்பாவுக்கு உறைக்கவே இல்லை. மறுநாள் இடது பாதத்தின் அடியில் கொப்புளம். அது உடைந்து புண்ணாயிற்று. அந்தப் புண்ணோடுதான் அப்பா தினமும் நடந்திருக்கிறார், வலிக்கவில்லையே!

என்னோடு படித்த நண்பனின் மனைவி பிசியோதெரபிஸ்ட். அவர்தான் கேட்டார், "ரெண்டு பாதத்துலயும் ஒரே மாதிரி, விரல்ல ஆரம்பிச்சு மேல ஏறுதா அண்ணா? அப்படின்னா டிஸ்க்குக்கு முன்னாடி சர்க்கரைக் காலைப் பாருங்க" என்று. அவர் சொன்னபடியே சென்னையில் சர்க்கரை நோய்க்கென்றே இருக்கிற ஒரு இடத்துக்கு, பாதத்துக்குத் தனிப் பிரிவு வைத்திருக்கிறவர்களிடம், அழைத்துப் போனேன்.

அங்கே டாக்டர் அம்மா எடுத்தது ஒரு நைலான் இழை. தூண்டில் நரம்பு மாதிரி இருக்கும். தோலில் வைத்து அழுத்தினால் சரியாகப் பத்து கிராம் விசையில் வளைந்துவிடும். "கண்ணை மூடிக்குங்க ஐயா, தொடும்போது சொல்லுங்க" என்றார். பெருவிரலில் வைத்தார். இழை வளைந்தது. அப்பா பேசவில்லை. அடுத்த இடம், அதற்கடுத்த இடம், வளைந்தது. வலது காலிலும் அப்படியே. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணை மூடியபடியே அப்பா மரியாதையாகக் கேட்டார்: "எப்பங்கம்மா ஆரம்பிப்பீங்க?"

அந்த அறையில் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஏன் பாதம் முதலில்? நம்மூர்க்காரர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கோமுகி அணையில் தண்ணீர் திறந்தால் தலைமடைக்கு வந்துவிடும், கடைமடைக்காரன் மண்வெட்டியோடு நிற்பான். இடுப்பிலிருந்து கால்விரல் வரை போகும் நரம்பு ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். சர்க்கரை அதிகமாகி நரம்பையும் அதற்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களையும் கெடுக்கும்போது, முதலில் காய்வது கடைமடைதான். காய்கிறபோது எரிச்சல், காய்ந்த பிறகு மதமதப்பு. வலி நின்றது குணமல்ல, சென்சார் செத்துவிட்டது என்று அர்த்தம். பிளாண்டில் டெம்பரேச்சர் அலாரம் அடிக்கவில்லை என்று சந்தோஷப்படுகிற ஆபரேட்டரை நான் வேலையை விட்டே அனுப்பியிருப்பேன். வீட்டில் நானே அந்த ஆபரேட்டர்.

இந்த விஷயத்தை உலகத்துக்குச் சொன்னவர் நம் பக்கத்து மலையில் பிறந்தவர். டாக்டர் பால் பிராண்ட், 1914-இல் கொல்லிமலையில் பிறந்தார். அவருடைய தாயார் எவலின் பிராண்ட் முதிய வயதிலும் நம் கல்வராயன் மலை உட்பட இந்த மலைகளில் குதிரையேறிப் போய் வைத்தியம் பார்த்தவர். பிராண்ட் 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். தொழுநோயாளிகளின் கைகால்களில் புண் வருவது நோய் தின்பதால் என்றே அன்று நினைத்தார்கள். அப்படியல்ல, வலி தெரியாததால் அவர்களாகவே காயப்படுத்திக்கொள்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து நிறுவினார். அவர் பெயர் சொன்னால் கை ஆபரேஷன்தான் நினைவுக்கு வரும். ஆனால் பாதத்துக்குக் கத்தியைவிடச் செருப்புதான் பெரிய மருந்து என்று அலைந்தவரும் அவரே. எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு அந்த வேலூர், காரிகிரி அனுபவத்தில் வளர்ந்தது. 1966-இல் அமெரிக்கா போன பிறகு, அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதத்துக்கும் இதே கணக்குதான் என்று காட்டினார்.

மெக்கானிக்கல்காரர்கள் கவனிக்கவும். ஒரே அடியில் உடைகிற விஷயமில்லை இது. மிதமான அழுத்தம், ஒரே இடத்தில், ஆயிரக்கணக்கான தடவை. நாம் லேபில் படித்த ஃபெடீக் ஃபெயிலியரேதான்! நமக்கு வலித்தால் தெரியாமலேயே எடையை வேறு பக்கம் மாற்றி நடப்போம். மரத்த கால் மாற்றாது.

அப்பாவுக்கு நடந்த வைத்தியமும் அந்தக் கணக்குப்படிதான். ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா, புண்ணில் சீழ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பாதத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஒட்டினாற்போல் மாவுக்கட்டுப் போட்டார்கள். உள்ளங்கால் முழுவதும், கெண்டைக்கால் வரை, எடை பரவிவிடும். எலும்பு முறிவே இல்லாமல் கட்டா என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். இந்த முறையும் 1930-களிலேயே இந்தியாவிலும் இலங்கையிலும் தொழுநோய்ப் புண்களுக்குப் பயன்பட்டதுதான். வாரா வாரம் பிரித்துப் பார்த்து மாற்றினார்கள். ஏழு வாரத்தில் புண் மூடியது. சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை வெகுகாலம் சாப்பிட்டால் பி12 குறையலாம், அதுவும் நரம்பைக் கெடுக்கும் என்று சோதித்தார்கள். குறைந்திருந்தது. ஊசி போட்டார்கள். மிச்சமிருந்த ராத்திரி எரிச்சலுக்கு ஒரு மாத்திரை. அது மனச்சோர்வுக்கும் கொடுப்பதாம். சீட்டைப் படித்துவிட்டு, "எனக்கென்ன பைத்தியமாடா?" என்று அப்பா ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் நன்றாகத் தூங்கிவிட்டுப் பேசினார்.

மரத்த இடம் திரும்பி வரவில்லை. வராது என்று டாக்டர் அம்மா முதலிலேயே சொல்லிவிட்டார். டிஸ்க் ஆபரேஷனை ரத்து செய்துவிட்டோம்.

ஆபரேஷனே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். திடீரென்று பாதம் தொங்கினாலோ, மூத்திரம், மலம் கட்டுப்பாடு போனாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மதமதப்புக்குச் சர்க்கரை ஒன்றே காரணமும் இல்லை. தோலில் வெளிறிய தேமலும் அங்கே உணர்ச்சியில்லாமலும் இருந்தால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அதற்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ கூட்டு மருந்து, அரசு ஆஸ்பத்திரியில் இலவசம். வருஷக்கணக்காகக் குடித்தாலும் கால் மரக்கும். 2024 ஜூனில் விஷச்சாராயம் நம் ஊர்ப் பெயரை நாடெங்கும் கொண்டுபோனபோது உயிர்களையும் கண் நரம்பையும் பற்றிப் பேசினோம். கால் நரம்பு மெதுவாகப் போகிறது, அதனால் யாரும் பேசுவதில்லை.

நாங்கள் சென்னை வரை போனோம், போக முடிந்தது. மலையிலிருந்து வருகிறவருக்கு அது நடக்கிற காரியமா? 2022 ஜனவரியில் நம் சிறுவங்கூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறந்தார்கள். முதலில் அங்கே காட்டுங்கள். டாக்டரிடம் போனதும் செருப்பைக் கழற்றிப் பாதத்தைக் காட்டுங்கள், அவர் கேட்காவிட்டாலும்.

தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனால் அப்பா, அம்மா உள்ளங்காலை ஒருமுறை பாருங்கள். கூச்சமாக இருக்கும், பரவாயில்லை. எங்கள் வீட்டில் அம்மா தினமும் ராத்திரி அப்பா காலைப் பார்க்கிறார்கள். முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து அப்பாவே பார்ப்பதும் உண்டு.

அந்த நைலான் இழை ஒன்றைக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டுப் பந்திக்குப் பக்கத்து மேஜையில், அதே பிசியோதெரபிஸ்ட் உட்கார்ந்திருப்பார். ரெண்டு நிமிஷம் போதும். அப்பாவும் வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டை. எல்லோரும் செருப்பை வாசலில் விட்டிருக்க, அவர் மட்டும் காலில் போட்டபடி உட்கார்ந்திருப்பதைத் தவறாக நினைக்காதீர்கள். விடச் சொன்ன வாட்ச்மேனிடம் நான்தான் பேசி உள்ளே அழைத்து வந்தேன்.