தோட்டம் யாருடைய மண்ணில்?

(திருச்சியில் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நகருக்குள் சமூகத் தோட்டங்கள் அமைப்பது பற்றிப் பேச அழைத்தீர்கள். கீரை வளர்க்கும் முறையை என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இந்த அரங்கிலேயே இருக்கிறார்கள். நான் ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன்: அந்தத் தோட்டம் யாருடைய மண்ணில்?

இந்த ஊரின் பழைய கதையிலிருந்தே தொடங்கலாம். திருவரங்கத்தில் நந்தவனம் அமைத்து அரங்கனுக்குப் பூமாலை கட்டியவர் தொண்டரடிப்பொடி ஆழ்வார், பார்ப்பனர். அதே அரங்கனைப் பாடிய திருப்பாணாழ்வார் உறையூரில் பாணர் குடியில் வளர்ந்தவர். அவர் காவிரியின் தென்கரையில் நின்றுதான் பாடினார். லோகசாரங்கர் அவர்மீது கல்லெறிந்தார். பிறகு அரங்கனே கட்டளையிட்டதால் அவரைத் தோளில் சுமந்து கோயிலுக்குள் கொண்டுபோனார் என்கிறது குருபரம்பரைக் கதை. சமத்துவத்துக்குச் சான்றாக இதை இன்றும் சொல்கிறார்கள். கதையை நிதானமாகக் கேளுங்கள். அவர் தன் காலால் நடந்து உள்ளே போகவில்லை. போனவர் இறைவனோடு கலந்துவிட்டார், திரும்பி வரவுமில்லை. ஒருவருக்கு நந்தவனம், இன்னொருவருக்கு ஒருநாள் தோள்.

இன்றைக்கு வருவோம். திருச்சி மாநகராட்சியின் நுண் உரம் செயலாக்க மையங்களில் நம் வீட்டுக் கழிவைப் பிரித்து, மட்கவைத்து, உரமாக்குபவர்கள் தூய்மைப் பணியாளர்கள். அந்த வேலையில் எந்தச் சாதியினர் இருத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படி உரம் தயாரிக்கும் ஓர் அக்காவிடம், வீட்டில் செடி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். “வாசப்படியத் தாண்டுனா ரோடு தம்பி, எங்க வைக்க?” என்றார். ஊருக்கே உரம் செய்கிற கைக்கு ஒரு முருங்கைக் கிளை ஊன்ற இடமில்லை.

2013இல் சென்னையிலும் கோவையிலும் தொடங்கிய அரசின் மாடித்தோட்டத் திட்டம் பைகளையும் விதைகளையும் மானியத்தில் தந்தது. நல்ல திட்டம்தான். ஆனால் மாடித்தோட்டத்துக்கு முதலில் மாடி வேண்டுமே! ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர் பையை எங்கே வைப்பார்?

நம்மில் சிலருக்கு இந்தப் பேச்சே எரிச்சலாக இருக்கலாம். காவிரிப் படுகையில் பண்ணையாட்களாகக் கிடந்த தலைமுறைகளின் பிள்ளைகள் நாம். கிராமத்தைச் சாதியின் கூடாரம் என்று கண்டவர் அம்பேத்கர். நகரத்துக்கு வந்தும் மண்வெட்டியா? நியாயமான கேள்வி. அந்த மண்வெட்டி வலித்தது, நிலமும் விளைச்சலும் அடுத்தவருடையதாக இருந்ததால். குடியிருப்புச் சங்கத்தின் பூங்காவுக்கு நாம் சம்பளமில்லாத தோட்டக்காரர்களாகப் போனால், அதுவும் பண்ணையம்தான்.

நியூயார்க்கைப் பாருங்கள். 1970களில் கைவிடப்பட்ட மனைகளில் குப்பையை அள்ளி, கறுப்பின மக்களும் போர்ட்டோ ரிக்கோ மக்களும் தோட்டங்களை உருவாக்கினார்கள். மண் செழித்தது, மனையின் விலையும் ஏறியது. 1999இல் மேயர் ஜூலியானி நூற்றுக்கும் மேற்பட்ட தோட்டங்களை ஏலத்துக்குக் கொண்டுவந்தார். மக்கள் போராடினார்கள்; அறக்கட்டளைகள் விலைகொடுத்து வாங்கிய பிறகே அவை தப்பின. உழைப்பு மட்டும் உரிமையைத் தருவதில்லை. பஞ்சமி நிலங்கள் எப்படிக் கைமாறின என்று அறிந்த நமக்கு இது புதிய பாடமல்ல.

நம் பெண்களால் பொதுச் சொத்தை நடத்த முடியுமா என்று அதிகாரிகள் கேட்டால், திருச்சி கல்மந்தையைக் காட்டுங்கள். 2000களின் தொடக்கத்திலேயே அங்கே பெண்கள் குழுவாகச் சேர்ந்து பொதுக் கழிப்பறையை நடத்தினார்கள். கட்டணம் வசூலித்து, கணக்கு எழுதி, பராமரித்தார்கள். கழிப்பறையை நம்பி ஒப்படைத்த கைகளில் நிலத்தை மட்டும் ஏன் ஒப்படைக்கக் கூடாது?

ஆகவே நம் கோரிக்கைகள் மூன்று. வாரியக் குடியிருப்புகளில் உள்ள பொது நிலத்தை, அங்கே வாழும் பெண்களின் குழுக்களுக்கு எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். தண்ணீர்க் குழாயும் மாநகராட்சி உரத்தில் முதல் பங்கும் அவர்களுக்குத் தாருங்கள். எதை நடுவது, விளைந்ததை யார் எடுப்பது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.

1927இல் மகாடு குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளியது தாகத்துக்காக மட்டுமல்ல, பொதுக்குளம் என்றால் அது நமக்கும் உரியது என்று நிறுவத்தான். நம் தெருவில் முளைக்கப்போகும் கீரைக்கும் அதே கணக்குதான். யாரும் நம்மைத் தோளில் சுமக்க வேண்டாம். கால் ஊன்ற மண் வேண்டும்.