தழும்பு வளர்ந்தால் சும்மா இருக்காதீர்கள்
(பனிச்சங்கேணி அங்கத்தவர் கூட்டத்தில் ஆற்றிய சுகாதார உரை)



மலையில் கொழுந்து பறித்தவர்களும் வாவியில் இறால், நண்டு பிடிக்கிறவர்களும் இன்று ஒன்றாக உட்கார்ந்திருக்கிறோம். கவ்வாத்துக் கத்தி, அடுப்புத் தீ, குப்பி விளக்கு, தூண்டில் முள் என்று காயம் படாத வீடு நம்மிடம் இல்லை. காயம் ஆறின பிறகும் தழும்பு தடித்து, அரித்து, வளர்ந்துகொண்டே போகிறதே, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

காயத்தை மூட உடம்பு கொலாஜன் என்ற நாரை உண்டாக்குகிறது. மூடியதும் அது குறைய வேண்டும். சிலருக்குக் குறைவதில்லை. காயம் பட்ட இடத்துக்குள்ளேயே தடித்து நின்றால், நாளாக ஆகத் தணியலாம். எல்லை தாண்டி நல்ல தோலிலும் பரவினால் அது கீலொயிட். தானாகப் போவது அபூர்வம். கறுத்த தோல் உள்ளவர்களுக்கும், 10 முதல் 30 வயதுக்காரருக்கும், குடும்பத்தில் ஏற்கெனவே இருப்பவர்களுக்கும் இது அதிகம். காது, நெஞ்சு, தோள், தாடையில் கூடுதலாக வரும். காது குத்தினாலும் வரலாம், முகப்பரு வந்து போன இடத்திலும் வரலாம். இது தொற்றாது. புற்றுநோயும் அல்ல, யாருடைய சாபமும் அல்ல.

“வெட்டி எடுத்தால் போச்சு” என்பார்கள். கீலொயிட்டை வெறுமனே வெட்டினால் பாதிப் பேருக்கு மேல் திரும்ப வரும், சிலருக்கு முன்னைவிடப் பெரிதாக. தழும்புக்குள்ளேயே ட்ரையம்சினலோன் ஊசியை 4 முதல் 6 வாரத்துக்கு ஒரு தடவை போடுவார்கள். வலிக்கும், ஆனால் அரிப்பு அடங்கும், தடிப்பு இறங்கும். காயம் மூடியபின் சிலிக்கோன் தகட்டை நாளுக்கு 12 மணி நேரமாவது, சில மாதங்கள் ஒட்டலாம். தீக்காயத் தழும்புக்கு இறுக்கமான உடுப்பு தருவார்கள். வெட்டத்தான் வேண்டுமென்றால், பின்னால் ஊசியோ கதிர்வீச்சோ சேர வேண்டும். வாகரை ஆஸ்பத்திரியில் காட்டி, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள்.

வராமல் தடுப்பதே மேல். தீப்பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். பற்பசை, மை, நெய் எதுவும் பூசவேண்டாம். குப்பி விளக்கு கவிழ்ந்து எரிந்தவர்களுக்கு வைத்தியம் செய்த நம் நாட்டுச் சத்திர சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, உருளாத, கனமான, திருகு மூடி போட்ட விளக்கைச் செய்தார். அதற்காக 1998இல் அவருக்கு ரோலக்ஸ் விருது கிடைத்தது. விளக்கு வாங்கும்போது அப்படிப்பட்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக ஒன்று. முழங்கையில், விரல் இடுக்கில் தழும்பு இறுகினால் கை மடங்காது. கை மடங்காமல் கொழுந்து பறிப்பது எப்படி, வலை இழுப்பது எப்படி? ஆறும்போதே பயிற்சி தொடங்க வேண்டும். வேலையில் நடந்த விபத்தால் நிரந்தரமாக வேலைத்திறன் குறைந்தால், 1934ஆம் ஆண்டு 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி நட்டஈடு கேட்கலாம். விபத்தை அன்றைக்கே எழுதிப் பதியச் சொல்லுங்கள், கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள், சங்கத்துக்குத் தெரிவியுங்கள். தழும்பை மறைத்துச் சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு திரிய வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள்.