ஒரு நிமிடப் படமும் ஒரு மணி நேரப் பேச்சும்

(‘வேடிக்கைப் படங்களை அலசிப் பேசுவது பயனா, வீணா?’ என்ற தலைப்பிலான தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ‘பயனே’ என்ற அணியில் பேசியவரின் உரை)



“பார்த்தோமா, சிரித்தோமா, எழுந்து போனோமா என்றிருக்க வேண்டும்; அலசுவது வெட்டி வேலை” என்று எதிரணித் தலைவர் முழங்கினார். அந்த வெட்டி வேலையைச் சென்ற மாதம் குடும்பத்தோடு செய்தவன் நான்.

நாங்கள் பார்த்தது 1895ஆம் ஆண்டு பிரான்சில் எடுக்கப்பட்ட ஊமைப்படம். ஒரு நிமிடம்கூட ஓடாது. எடுத்தவர் லூயி லூமியேர். புகைப்படத் தகடு தயாரிக்கும் குடும்பத்தைச் சேர்ந்தவர். தோட்டக்காரராக வருபவர் நடிகரல்லர். அந்த வீட்டுத் தோட்டக்காரரேதான். அதே ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் பாரிசில் கட்டணம் வாங்கிக் காட்டிய பத்துப் படங்களில் இதுவும் ஒன்று.

கதை இவ்வளவுதான். தோட்டக்காரர் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். ஒரு பையன் பின்னால் வந்து ரப்பர் குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. அவர் குழாய் வாயை உற்றுப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். முகமெல்லாம் தண்ணீர்! பையனைத் துரத்திப் பிடித்து, இழுத்து வந்து நாலு போடு போடுகிறார்.

படம் முடிந்தது, எங்கள் வீட்டில் பட்டிமன்றம் தொடங்கியது.

“பிடித்த இடத்திலேயே அடிக்காமல், ஏன் திரும்ப இழுத்து வருகிறார்?” என்றாள் மகள். “கேமரா நகராதே! அங்கே அடித்தால் நமக்கு எப்படித் தெரியும்?” என்றான் மகன். “அடித்துவிட்டு மனிதர் பேசாமல் வேலையைப் பார்க்கிறார். கோபத்தை வீட்டுக்குக் கொண்டு போகவில்லை” என்று என் மனைவி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

என் தாயார்தான் கடும் விமர்சகர். “தண்ணீர் நின்றால் பின்னால் திரும்பிப் பார்க்க வேண்டாமா? இவரெல்லாம் ஒரு தோட்டக்காரரா?” என்றார். “நிஜத் தோட்டக்காரர், பாட்டி!” என்றாள் மகள். “அப்படியானால் நானும் தோட்டக்காரிதான், ரப்பர்த் தோட்டக்காரி” என்று அம்மா சிரித்தார்.

பிறகு வந்தது பாருங்கள் கதை! லயத்துப் பொதுக் குழாயடியில் வாளியோடு வரிசையில் நின்றது, குழாய் வாயை விரலால் அடைத்துப் பின்னால் நின்றவர்கள் மேல் தண்ணீர் பீய்ச்சியது, கங்காணியிடம் திட்டு வாங்கியது... எனக்கே தெரியாத கதைகள். தண்ணீருக்கு வரிசையில் நின்ற காலம் ஒன்று இருந்தது என்பதே என் பிள்ளைகளுக்கு அன்றுதான் தெரிந்தது.

நடுவர் அவர்களே, பாட்டி கேட்டால் “ம்”, “இல்லை” என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லும் என் மகள், அன்று பாட்டியின் மடியில் சாய்ந்து “அப்புறம்?”, “அப்புறம்?” என்று தமிழில் கேட்டுக்கொண்டே இருந்தாள். படத்தில் யாரும் பேசவில்லை; அதனால்தானோ என்னவோ, நாங்கள் பேசினோம்.

பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து போயிருந்தால், அம்மாவின் கதை அம்மாவிடமே இருந்திருக்கும். எதிரணித் தலைவர் இன்றிரவு வீட்டுப் பெரியவர்களோடு அமர்ந்து இந்த வெட்டி வேலையை ஒரு முறை செய்து பார்க்கட்டும். தீர்ப்பை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.