மலைக்கேற்ற மனை



மலை என்பது வெறுங் கல்லும் மண்ணும் குவிந்த மேடன்று. அது நாட்டின் நீர்ப்பேழை. நீலமலையின் புல்வெளி மழைநீரை உறிஞ்சுகின்றது. பள்ள மடிப்புகளில் அடர்ந்துள்ள சோலை அந்நீரைத் தேக்கிவைத்துச் சிறுகச் சிறுகக் கசியவிடுகின்றது. அக்கசிவே ஓடையாகி, மாயாறும் பவானியுமாகப் பெருகி, பவானிசாகர் அணையில் கூடி, ஈரோட்டுப் பகுதிக் கழனிகளை நனைக்கின்றது. எனவே, மலையில் எழும் ஒவ்வொரு வீடும் மேலே வாழ்வார்க்கு மட்டுமன்றிக் கீழே ஏர் பிடிப்பார்க்கும் உரிய வினாவாகும்.

மலையில் மாந்தர் குடியிருத்தலே ஆகாது என்பதன்று. எவ்வாறு குடியிருப்பது என்பதே வினா. 'வீடுகள் குறைவாயிருந்தால் மலைக்குக் கேடில்லை' என்று பலர் எண்ணுகின்றனர். அஃது அரை உண்மையே.

நூறு ஏக்கர்ச் சரிவில் இருபது வீடுகள் கட்டப்படுவதாகக் கொள்வோம். ஆளுக்கு ஐந்து ஏக்கர் எனக் கூறுபோட்டால் வீடுகள் குறைவுதான். ஆனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனிச் சாலை, தனி வேலி, தனி வெட்டு! சரிவின் அடிவயிறு இருபது இடங்களில் கிழிபடும். விலங்குகளின் வழி அடைபடும். சாலையோரம் ஓடும் மழைநீர் மண்ணை அரித்துச் செல்லும். அதே இருபது வீடுகளை ஆளுக்கு அரை ஏக்கரில், உறுதியான நிலத்தில் ஒருங்கே அமைத்தால் மனைகளுக்குப் பத்து ஏக்கரும், வழிக்கும் பிற தேவைகளுக்கும் ஐந்து ஏக்கரும் போதும். எஞ்சிய எண்பத்தைந்து ஏக்கர் பிளவுபடாது நிற்கும். வீட்டின் எண்ணிக்கை ஒன்றே. மலையின் நிலையோ வேறு!

அமெரிக்கத் திட்ட வல்லுநர் இராண்டல் ஆரண்ட்டு 1996இல் வெளியிட்ட நூலில் வலியுறுத்திய முறை இதுவே. முதலில் காக்க வேண்டிய நிலத்தை வரைக. அதன்பின் வீட்டுக்கு இடம் தேடுக. சாலையையும் எல்லைக் கோட்டையும் அதற்கும் பின்னரே வரைக என்பது அதன் சாரம். கலிபோர்னியாவில் கார்மல் நகரை அடுத்த மலைப்பகுதியில், சாந்தா லூசியா என்னுமிடத்தில், ஏறத்தாழ 20,000 ஏக்கரில் 300 மனைகள் அளவிற்கே இடம் ஒதுக்கி, 18,000 ஏக்கரைக் காப்புநிலமாக விட்டுள்ளனர்.

போற்றத்தக்கதே! ஆயினும் அங்கு மனை வாங்குவோர் யாவர்? பெருஞ்செல்வரே. காக்கப்பட்ட காடு, செல்வர் சிலரின் வீட்டுக்குப் பின்னணித் திரையாகவும், ஏழையைத் தடுக்கும் வேலியாகவும் ஆகிவிடலாகாது. மலையைக் காத்தலும் மலைமக்களைக் காத்தலும் ஒருங்கே நிகழ்தல் வேண்டும். சுவிட்சர்லாந்து மக்கள் இதனை உணர்ந்தனர். ஆண்டில் சில கிழமைகளே தங்குவோர் கட்டும் இரண்டாம் வீடுகள் எந்த ஊரிலும் நூற்றுக்கு இருபதுக்கு மேற்படலாகாது என 2012 மார்ச்சு 11இல் வாக்களித்து முடிவு செய்தனர். அதற்கான சட்டம் 2016இல் நடைமுறைக்கு வந்தது.

இனி, இம்முறையைக் கற்க அயல்நாட்டுக்கே செல்ல வேண்டுமா? நீலமலையில் தொதவர் வாழும் மந்து கண்முன் நிற்கின்றது. மன்று, மந்தை என்னும் தமிழ்ச் சொற்களோடு ஒரே வேரினது அச்சொல். ஆங்கிலேயர் எழுதிய 'ஊட்டகமண்ட்' என்னும் பெயரின் ஈறும் இந்த மந்தே. பிரம்பும் மூங்கிலும் வளைத்துப் புல் வேய்ந்த சில வீடுகள், குனிந்து நுழையும் சிறு வாயில், பாற்கோயில், எருமைப்பட்டி. அதற்கப்பால் குடியினர்க்குப் பொதுவான மேய்ச்சற் புல்வெளியும் சோலையும்! வீடு சிறிது, பொதுநிலம் பெரிது. மந்தின் இலக்கணம் இதுவே.

1819இல் கோவை மாவட்டத் தண்டலர் சான் சல்லிவன் மலையேறினார். 1822இல் தொதவர் நிலத்தில் கல்வீடு கட்டத் தொடங்கினார். பின்னர் வளமனைகளும் தோட்டங்களும் பெருகின. ஆத்திரேலியாவிலிருந்து வந்த சீகைமரமும் நீலகிரி மரமும் புல்வெளியை விழுங்கின. இன்றோ தங்கும் விடுதிகள் சரிவுகளை விழுங்குகின்றன. 2009 நவம்பரில் நீலமலை நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2019 ஆகத்தில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2024 சூலை 30இல் அண்டை வயநாட்டில், முண்டக்கை, சூரல்மலை ஊர்களை நிலச்சரிவு வாரிச் சென்று இருநூற்றுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. இத்தகைய மழை மீண்டும் வாராது என்று எவர் உறுதி கூறவல்லார்?

தமிழ்நாட்டரசு 1993இல் மலையூர்களுக்கெனத் தனிக் கட்டட விதிகள் வகுத்தது. அவை கட்டடத்தின் உயரத்தையும் பரப்பையும் வரையறுத்தன. அது நன்றே. ஆனால் கட்டடத்தை அளந்தால் மட்டும் போதாது; கட்டப்படாத நிலத்தையும் அளத்தல் வேண்டும். செங்குத்துச் சரிவு, ஓடைக்கரை, சதுப்பு, சோலை, விலங்கின் வழி ஆகியன முதலில் ஒதுக்கப்படுக! எஞ்சிய நிலத்தில் வீடுகள் ஒருங்கமைக்கப்படுக! ஒதுக்கிய நிலம் பின்னாளில் விற்பனைக்கு வாராதவாறு ஆவணத்தால் பிணிக்கப்படுக! முதல் மனையுரிமை மலைமக்களுக்கும், தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, சொந்தக் கூரையின்றி முதுமையடையும் தொழிலாளர்க்கும் அமைக!

மலையில் வீடு கட்டுவோன் தான் வாங்கிய நிலத்துக்கு மட்டும் உடையவன் அல்லன். தன் காலடியில் ஊறும் நீருக்குக் காவலனும் ஆவான். அக்காவலை ஏலாதவனுக்கு மலையில் மனை எதற்கு?

மலை நின்றால் ஆறு நிற்கும். ஆறு நின்றால் நாடு நிற்கும்!