சாதுவுக்கும் இரத்தக் கொதிப்பு
(மாதேஸ்வரன் மலை யாத்திரையின்போது அங்கத்தினர்களிடையே பேசியது)

மலையேறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் நம்மில் பலருக்கு நெஞ்சு படபடத்தது. பயமோ கோபமோ வந்தால் அட்ரினலின் சுரக்கும், இரத்தக் குழாய்கள் சுருங்கும், அழுத்தம் ஏறும். மனம் அடங்கினால் அதுவும் இறங்கிவிடும்.

மனசு, கொதிப்பு இரண்டுக்குமே நம் நாட்டு மூலிகை ஒன்று மருந்தாயிற்று. 1931-ல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், சர்ப்பகந்தா வேர் சித்தக் கலக்கத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மருந்து என்று எழுதினார்கள். 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதிய பின் உலகமே அதைக் கவனித்தது.

ஆனால், கோபப்படாதவனுக்குக் கொதிப்பு வராது என்று எண்ணிவிடாதீர்கள். அந்தத் தப்பை நானே செய்தேன். நான் சாது, தினமும் சந்தியாவந்தனம், பிராணாயாமம். "எனக்கேது பிரஷர்?" என்று மாத்திரையை நிறுத்தினேன். மூன்றாம் மாதம் பார்த்தால் 180/110. தலைவலிகூட இல்லை! டாக்டர் சொன்னார்: "மனசு ஒரு காரணம்தான். பரம்பரை, வயது, எடை, உங்காத்து ஊறுகாய், அப்பளம், வடாம் எல்லாம் சேர்ந்தது இது."

பிராணாயாமத்தை விடவில்லை, மாத்திரையையும் விடுவதில்லை. சுவாமி தரிசனம் ஆயிற்று, மனசு லேசாயிருக்கிறது. அதை நம்பி இருந்துவிடாமல், ஊர் திரும்பியதும் எல்லோரும் ஒருதரம் பிரஷர் பார்த்துக்கொள்ளுங்கள். 140/90-ஐத் தொட்டால் டாக்டரிடம் போங்கள். முக்கியமாக, கோபமே வராத மாமாக்களும் மாமிகளும்!