நெடுநாள் மனச்சோர்வும் தன்னைப் பேணும் முறையும்



நீரிழிவு உடையவர் தம் நோயைப் பற்றித் தாமே நிறைய அறிந்து வைத்திருக்கிறார். எதை உண்டால் சர்க்கரை ஏறும், எவ்வளவு நடந்தால் இறங்கும் என்பது அவருக்கு அனுபவபாடம். ஆனால் ஆண்டுக்கணக்கில் மனச்சோர்வால் வருந்துபவரிடம் அத்தகைய அறிவை நாம் எதிர்பார்ப்பதில்லை. "மனத்தைத் திடப்படுத்திக்கொள்" என்று ஒரு வார்த்தை சொல்லி விலகிவிடுகிறோம். மனமே நோயுற்றிருக்கையில் எதைக் கொண்டு அதைத் திடப்படுத்துவது?

இந்நோய் பலருக்கு விட்டுவிட்டு வரும். வருமுன் தோன்றும் குறிகள் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் விடியற்காலை 3 மணிக்கே விழித்துக்கொள்வார். மற்றொருவர் ஊரிலிருந்து வரும் தொலைபேசி அழைப்பை எடுக்கமாட்டார். வேறொருவருக்கு மாலைக் காப்பியும் வேண்டாமற்போகும். தேறியிருக்கும் நாளிலேயே இவற்றை ஒரு தாளில் எழுதி, வீட்டில் நம்பத்தக்க ஒருவரிடம் கொடுத்துவைத்தல் நன்று. "இவற்றில் இரண்டைக் கண்டால் என்னை மருத்துவரிடம் அழைத்துச் செல்க" என்றும் அதில் எழுதிவிடலாம். சோர்வு கவிந்தபின் அந்த யோசனை தோன்றாது.

உற்சாகம் வந்தபின் வேலை செய்யலாம் என்று காத்திருப்பவருக்கு உற்சாகம் எளிதில் வருவதில்லை. மனம் ஒப்பாவிடினும் நேரம் குறித்துச் சிறு செயல்களைச் செய்துவந்தால், மனம் மெல்லப் பின்தொடர்கிறது. 1970களில் அமெரிக்க உளவியலர் பீட்டர் லூயின்சோன் முதலியோர் வளர்த்த சிகிச்சை முறைக்கு இதுவே அடிப்படை. சிறு செயல் என்றால் மெய்யாகவே சிறியது: குளித்தல், தெருமுனைக் கடைவரை நடத்தல். முதல் நாளே ஒரு மணிநேர யோகாசனம் வேண்டாம்.

மருந்தின் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குணம் கண்டவுடன் தாமே நிறுத்திவிடலாகாது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு மொழியும் ஒரு தொல்லை. அலுவலக இந்தியில் கோப்பை நகர்த்திவிடலாம். நெஞ்சில் கனப்பதைச் சொல்ல இயலுவதில்லை. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கும் 'வெறிச்சென்று இருக்கிறது' என்பதற்கு நிறைவான இந்திச்சொல் இன்னும் அகப்படவில்லை. ஆகவே பலர் தலைவலி, தூக்கமின்மை என்று மட்டும் கூறி, அவற்றுக்குரிய மாத்திரைகளோடு திரும்புகின்றனர். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய 'டெலி மானஸ்' சேவையில், 14416 என்னும் எண்ணை எந்த மாநிலத்திலிருந்தும் கட்டணமின்றி அழைத்து, தமிழைத் தேர்ந்து பேசலாம். இரவும் பகலும் உண்டு. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுமாயின் எதற்கும் காத்திராமல் அருகிலிருப்பவரிடம் சொல்லுங்கள். உடனே அந்த எண்ணை அழையுங்கள், அல்லது அண்மையிலுள்ள மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.